ட்ரேட் ஒன்று, போஸ்டிங் வேறு: கற்ற வேலை கையை விட்டுப் போகாமல் காப்பது எப்படி?

ராணுவத்திலிருந்து லீவில் ஊருக்கு வரும் தம்பிகளிடம் "இப்ப என்ன வேலைப்பா பார்க்கிற?" என்று கேட்டால், பாதிப் பேர் தங்கள் ட்ரேடை, அதாவது பயிற்சி பெற்ற தொழிலை, சொல்வதில்லை. வெஹிக்கிள் மெக்கானிக்காகப் பயிற்சி முடித்தவர் ஸ்டோரில் லெட்ஜர் எழுதுகிறார். ரேடியோ ஆப்பரேட்டர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறார். நர்சிங் அசிஸ்டென்ட் எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறை) மருந்து இருப்புப் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஈ.ஆர்.இ. போஸ்டிங், அதாவது சொந்த ரெஜிமென்ட்டுக்கு வெளியே வேலை, வந்தவர்களுக்கு இது இரண்டு மூன்று வருடம் நீடிக்கும்.

நானும் ராணுவத்தின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இ.எம்.இ.யில் வெஹிக்கிள் மெக்கானிக். நடுவில் 3 வருடம் மேசை வேலை. அது முடிந்து வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பிய முதல் வாரம், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) மாட்டச் சொன்னார்கள். போல்ட்டுகளை ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக முறுக்க ஆரம்பித்தேன். என்னைவிட மிகவும் இளைய பையன் ஒருவன் கையைப் பிடித்து நிறுத்தினான். ஹெட் போல்ட்டை நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே நகர வேண்டும். ஒரே தடவையில் முழுதாக இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் ஹெட் ஒரு பக்கம் அமுங்கி, கேஸ்கெட் சரியாக உட்காராது. இதெல்லாம் நான் எத்தனையோ தடவை செய்த வேலை. ஸ்பேனர் பிடிக்கிற பலம் கையில் அப்படியே இருந்தது, வரிசை போயிருந்தது.

அதன்பிறகு ஊரில் பல தம்பிகளோடு உட்கார்ந்து பார்த்ததிலும் இதையேதான் கண்டேன். முதலில் மறப்பது செய்யும் வரிசையும், அளவுகளும்தான். அவற்றைக் காப்பாற்றினால் மற்றது ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

தைத்த நோட்டு ஒன்று. தாள் தாளாக இருந்தால் போஸ்டிங் மாறும்போது தொலைந்துவிடும். வாரத்தில் ஒரு மணி நேரம். உங்கள் ட்ரேடிலேயே இருக்கும் ஒரு ஆள். சீனியரோ ஜூனியரோ, போனில் கிடைத்தாலும் போதும். மேலதிகாரியின் வாய்மொழி அனுமதியாவது ஒன்று.

டூல் கிட் வாங்க வேண்டாம். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். பெட்டி நிறைய ஸ்பேனர் வாங்கி, இரண்டாம் மாதம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, துருப்பிடிக்க விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எந்த வேலையைக் காக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் கருவி.

1. பழைய யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன் பட்டியல் எழுதுங்கள்

போஸ்டிங் ஆர்டர் வந்த நாளிலிருந்து கிளம்பும் நாள் வரை கிடைக்கிற இடைவெளி பொன்னானது. அப்போது எல்லாம் கையில் புதிதாக இருக்கும். உங்களால் யாருடைய உதவியும் இல்லாமல் செய்ய முடிகிற வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். "எஞ்சின் வேலை" என்று எழுதினால் பயனில்லை. "டேப்பட் இடைவெளி சரிசெய்தல்", "எரிபொருள் லைனில் ஏர் எடுத்தல்", "வீல் பேரிங் ப்ரீலோட் வைத்தல்" என்று துண்டு துண்டாக எழுத வேண்டும். துண்டாக எழுதினால்தான் பின்னால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க முடியும்.

ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் இரண்டு விஷயம்: கடைசியாக எந்த மாதம் செய்தீர்கள், எத்தனை படிகள். படிகளின் எண்ணிக்கை அடுத்த கட்டத்தில் உதவும்.

ஏற்கெனவே புதிய இடத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டதா? பரவாயில்லை, இன்றைக்கு எழுதுங்கள். எழுதும்போது எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்த இடம்தான் மறக்கத் தொடங்கியிருக்கிறது.

2. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

எல்லா வேலையும் ஒரே வேகத்தில் மறப்பதில்லை. சைக்கிள் ஓட்டுவது, நீச்சல், லாரியில் கியர் மாற்றுவது மாதிரி உடம்பு இடைவிடாமல் செய்கிறவை பல வருடம் நிற்கும். பல படிகள் கொண்ட, ஒரு படியைப் பார்த்தால் அடுத்த படி தானாகத் தெரியாத வேலைகள் சில மாதங்களிலேயே நழுவும். சி.பி.ஆர். முதலுதவி இதற்கு நல்ல உதாரணம். சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு என்றாலும், பழகாமல் விட்டால் அழுத்தும் ஆழமும் வேகமும் சில மாதங்களிலேயே தவறிப் போகின்றன.

ஆகவே முதல் பிரிவு, சீக்கிரம் மறப்பவை: வரிசை, அளவு, குறியீடு, அவசர நடவடிக்கை. இரண்டாம் பிரிவு, மெதுவாக மறப்பவை: ஓட்டுதல், வெல்டிங் பிடி, சாலிடரிங், அணிவகுப்பு நடை. மூன்றாம் பிரிவு, மறக்காவிட்டாலும் பழசாகிப் போகிறவை: புதிய உபகரணம், மாறிய படிவம், புதிய எஞ்சின்.

நேரத்தில் பாதிக்கும் மேல் முதல் பிரிவுக்குக் கொடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓட்டுவது பிடிக்கும், அதனால் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பிடித்ததைச் செய்தால் திருப்தி வரும், ஆனால் அது எப்படியும் மறக்கப் போவதில்லை.

3. எது கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பழகத் தொடங்கிய பின் இதை யோசித்தால் தாமதம். அதனால்தான் மூன்றாவது படியிலேயே வைக்கிறேன்.

யூனிட்டின் மேனுவல், அதன் போட்டோ, போனில் எடுத்த ஸ்கேன் எதுவும் வீட்டுக்கு வரக்கூடாது. 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நோட்டில் யூனிட் பெயர், இடம், அலைவரிசை, உபகரணங்களின் எண்ணிக்கை எழுதாதீர்கள். "ஆறு சிலிண்டர் டீசல், டேப்பட்" என்றால் உங்களுக்குப் புரியும், அது போதும். ராணுவ உபகரணத்தின் துல்லிய அளவுகள் யூனிட்டிலேயே இருக்கட்டும். ஊரில் பழகும்போது அந்த ஊர் வண்டியின் அளவை அந்த வண்டியின் புத்தகத்திலிருந்து எடுங்கள்.

சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது இன்னொரு தவறு. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது நினைவிருக்கும். சந்தேகம் என்றால் ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அதுவும் பொதுவான முறையைப் பற்றி மட்டும்.

சேவையில் இருக்கும்போது வெளியே கூலிக்கு வேலை செய்யக் கூடாது. லீவில் ஒரு ஷெட்டில் நின்று பழகினால் பணம் வாங்காதீர்கள், அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வேண்டாம். போகும் முன் உங்கள் ஜே.சி.ஓ.விடம் (உங்களுக்கு மேலுள்ள இளநிலை அதிகாரி) "இப்படிப் பழகப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுச் செய்தால் பிறகு கேள்வி வராது. ஆயுதம் சம்பந்தப்பட்ட எதுவும் யூனிட்டுக்குள் மட்டும்தான். அதற்கு ஊரில் மாற்று தேடவே கூடாது.

4. புதிய போஸ்டிங்குக்குள்ளேயே இடம் தேடுங்கள்

வெளியே தேடும் முன் உள்ளே தேடுங்கள். எந்த அலுவலகமாக இருந்தாலும் ஒரு வண்டி, ஒரு ஜெனரேட்டர், ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கும். எம்.டி. (வண்டிகள்) பிரிவில் வாராந்திரப் பராமரிப்பு நடக்கும் நாளைக் கேட்டு, அன்றைக்கு ஒரு மணி நேரம் நிற்க அனுமதி வாங்குங்கள். மேசை வேலையை முடித்துவிட்டுக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. முடிக்காமல் கேட்டால் யாரும் சம்மதிப்பதில்லை.

என்.சி.சி. பட்டாலியனில் பி.ஐ. ஸ்டாஃபாக, அதாவது நிரந்தரப் பயிற்றுநராக, போயிருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பி, சி சான்றிதழ்த் தேர்வுக்கு வரைபடம் படித்தல், ஆயுதப் பயிற்சி, முதலுதவி எல்லாம் படிக்கிறார்கள். அந்த வகுப்புகளை "நான் எடுக்கிறேன்" என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பாடத்தை முப்பது பிள்ளைகள் முன்னால் சொல்லும்போது, நமக்கு எங்கே தெளிவில்லை என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த காலாட்படைத் தம்பி ஒருவர் வரைபட வகுப்பை யாரும் எடுக்க விரும்பாததால் தானே எடுத்தார். இரண்டு வருடம் கழித்து ரெஜிமென்ட்டுக்குத் திரும்பியபோது, போனபோது இருந்ததைவிட நன்றாக வரைபடம் படித்தார்.

5. வாரப் பழக்கம்: முதலில் நினைவிலிருந்து, அப்புறம் புத்தகம்

காரைக்குடியில் திங்கட்கிழமை சந்தை என்றால் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். அது மாதிரி ஒரு கிழமையும் நேரமும் குறித்துவிடுங்கள். வாரம் இரண்டு தடவை அரை மணி நேரம் போதும். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருவதைவிட இது நிற்கும். இடைவெளி விட்டு விட்டுப் பழகுவதுதான் நினைவில் தங்கும்.

அந்த அரை மணியில் செய்ய வேண்டிய வரிசை இது. பட்டியலிலிருந்து ஒரு வேலையை எடுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் எல்லாப் படிகளையும் எழுதுங்கள். அடுத்து எழுந்து நின்று, கையில் எதுவும் இல்லாமலே, வாயால் சொல்லிக்கொண்டு கையால் அந்த அசைவைச் செய்யுங்கள். கடைசியாகத்தான் பாடக் குறிப்பைத் திறந்து ஒப்பிட வேண்டும். விட்டுப்போன படியைச் சிவப்பு மையில் எழுதி, அடுத்த வாரம் அதே வேலையை மறுபடி எடுங்கள்.

இந்த வரிசையை மாற்றி, முதலில் புத்தகம் படித்தால், "எல்லாம் தெரிந்ததுதான்" என்று தோன்றும். படிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். வெறும் தாளில் எழுத உட்காரும்போதுதான் உண்மை நிலவரம் தெரியும். வீடியோ பார்ப்பதும் இப்படித்தான். பத்து வீடியோ பார்த்தவரைவிட, ஒரு தடவை நினைவிலிருந்து எழுதித் தவறு கண்டவர் மேல்.

மெக்கானிக்குகளுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆறு சிலிண்டர் எஞ்சினில் பொதுவான ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் வரிசை, 1-5-3-6-2-4. டேப்பட் வைக்கும்போது, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும்போது, முதல் சிலிண்டர் வால்வுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆறாவது சிலிண்டரின் வால்வுகள் ஒன்று மூடி ஒன்று திறக்கிற நிலையில் ஆடிக்கொண்டிருக்கும். ஜோடிகள் 1-6, 5-2, 3-4. கூட்டினால் எப்போதும் 7. நான்கு சிலிண்டரில் 1-4, 3-2, கூட்டினால் 5. ஃபயரிங் வரிசை 1-3-4-2. இதை நினைவிலிருந்து எழுதி, "ஆறு ஆடினால் ஒன்றை வை, இரண்டு ஆடினால் ஐந்தை வை" என்று சொல்லிக்கொண்டே போனால், எஞ்சின் பக்கத்தில் இல்லாமலே வரிசை உயிரோடு இருக்கும். மேசை வேலை பார்த்த அந்த 3 வருடம் இதை வாரம் ஒருமுறை செய்திருந்தால் எனக்கு அந்த முதல் வாரம் அப்படிப் போயிருக்காது.

6. லீவில் ஊரில் பழகுவது

வருடாந்திர லீவு 60 நாள். அதில் 4 அல்லது 5 காலைப்பொழுதுகள் போதும், அதற்கு மேல் கேட்க மாட்டேன். வீட்டாரோடு இருக்க வேண்டிய நாட்கள் அவை. லீவின் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று அந்த வாரம் போய்விடும். இரண்டாம் வாரம் சரியாக வரும்.

*மெக்கானிக், எலெக்ட்ரீஷியன்.* காரைக்குடி லாரி ஷெட்டுகளில் தெரிந்த மேஸ்திரி ஒருவரைப் பிடியுங்கள். ராணுவத்தின் ஸ்டாலியன் லாரியே அசோக் லேலண்ட் தயாரிப்புதான். ஊரில் நிற்கும் பழைய லேலண்ட் வண்டிகளில் அடிப்படை முறை ஒன்றே. பழைய பம்பு எஞ்சினில் ஏர் (எரிபொருள் லைனில் சிக்கிய காற்று) எடுக்கும் வேலையைக் கேட்டுச் செய்யுங்கள். டாங்கிலிருந்து இஞ்செக்டரை நோக்கி, எரிபொருள் போகிற திசையிலேயே வர வேண்டும். முதலில் ஃபில்டரின் ப்ளீட் ஸ்க்ரூ. கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் சுத்தமாக வழியும்போதே இறுக்க வேண்டும். அடுத்து இஞ்செக்ஷன் பம்பு. கடைசியில் இஞ்செக்டர் பைப் நட்டுகள். வழிவது நின்ற பிறகு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. புதிய காமன் ரெயில் வண்டியில் இஞ்செக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கப் போகாதீர்கள். அதில் அழுத்தம் ஆயிரம் பார் (அழுத்த அலகு) அளவுக்கும் மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழக்க நேரிடும். வண்டி எந்த வகை என்று கேட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பழைய பழக்கத்தைப் புது எஞ்சினில் காட்டும் ஆபத்து, பல வருடம் விலகி இருந்தவர்களுக்குத்தான் அதிகம்.

எலெக்ட்ரீஷியன்கள் புதுவயல் அரிசி ஆலைகளில் யாரையாவது தெரிந்தால் போய்ப் பாருங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், ஓவர்லோட் ரிலே, ஜெனரேட்டர் மாற்றுச் சுவிட்ச் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். நிறுத்தத்துக்கு விட்ட நாளில் போக வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, டெஸ்டரால் இல்லை என்று உறுதி செய்து, அப்புறம்தான் டெர்மினலைத் தொட வேண்டும். ஸ்டார்-டெல்டா இணைப்பை நினைவிலிருந்து வரைந்து, பெட்டியைத் திறந்து ஒப்பிடுங்கள். அந்த ஒரு காலைப்பொழுது இரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

*சிக்னல்ஸ்.* ரேடியோ செட் இல்லாமலே பழகலாம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஒருவர் முகப்பில், இன்னொருவர் பின்கட்டு வாசலில் உட்கார்ந்து, சாதாரணப் போனில் ரேடியோ முறைப்படி பேசுங்கள். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" சொன்ன பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும். எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டவர் தாளில் எழுதி, திருப்பிப் படிக்க வேண்டும். செய்தி உங்கள் சொந்த வார்த்தையாக இருக்கட்டும். சந்தை விலைப் பட்டியலை அனுப்பினாலே போதும். எழுதியதை ஒப்பிட்டு எத்தனை எழுத்து தவறு என்று எண்ணுங்கள்.

இன்னும் ஆர்வம் இருந்தால் அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு நடத்துகிறது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். சேவையில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் யூனிட்டில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் ஒரு நொடி கூட அனுப்பக் கூடாது. கேட்டுப் பழகுவதோடு நிறுத்துங்கள்.

*நர்சிங் அசிஸ்டென்ட்.* வீட்டில் செய்யத் தகுந்தது சி.பி.ஆர். அழுத்தமும் கட்டுப் போடுவதும். தலையணையைத் தரையில் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்று கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு. ஆழம் 5 முதல் 6 செ.மீ.; இதைத் தலையணையில் சரிபார்க்க முடியாது, அதற்குப் பயிற்சிப் பொம்மை வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குக் கட்டான டூர்னிக்கேயைக் காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் படாமல் போட்டு, நேரத்தை எழுத வேண்டும். ஆள் மேல் பழகும்போது சுற்றுவது வரைதான், இறுக்கவே கூடாது. நேரம் எழுதும் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழகும்போதே பேனாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் லீவில் இருந்தால், தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும். அங்கே வரும் மருத்துவக் குழுவினரிடம் முன்கூட்டியே கேட்டு, சம்மதித்தால் உதவியாக நில்லுங்கள். காயம்பட்டவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று அவர்கள் முடிவெடுப்பதைக் கவனிப்பதே பெரிய பாடம். ஊசி, ஐ.வி. எதையும் நீங்களாகத் தொடாதீர்கள்.

*காலாட்படை.* இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் பொது வரைபடங்களைப் பொதுமக்களும் பெறலாம். ஒரு தாள், ஒரு காம்பஸ் போதும். நம் பக்கம் தட்டையான நிலம். குன்றக்குடி மலை, ஒரு கோபுரம், ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என்று மூன்று அடையாளம் தெரிகிற கண்மாய்க் கரையில் நில்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் திசைக்கோணம் எடுத்து, 180 கூட்டியோ கழித்தோ திருப்பி, வரைபடத்தில் மூன்று கோடு இழுங்கள். அவை சந்திக்கும் இடம்தான் நீங்கள் நிற்கும் இடம். போனில் இடம் பார்ப்பது கோடு போட்ட பிறகு, சரிபார்க்க மட்டும். முதலில் போனைப் பார்த்துவிட்டால் காம்பஸ் தப்பாகக் காட்டினாலும் உங்கள் கை அதைச் சரியாக்கிவிடும். மின்கம்பி, இரும்பு வேலி, கையிலிருக்கும் போன் எல்லாம் காம்பஸ் முள்ளை இழுக்கும் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

*டிரைவர், செஃப்.* டிரைவர்கள் சிவிலியன் ஹெவி லைசென்ஸைக் காலாவதியாக விடாதீர்கள். இப்போது 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் போனால் மறுபடி ஓட்டிக் காட்டும் தேர்வு. செஃப் ட்ரேடில் இருப்பவர்கள் கல்யாணச் சமையல் நடக்கும் வீட்டில் ஒரு நாள் மேஸ்திரியோடு நின்றாலே போதும். ஐம்பது பேர் கணக்கை ஐந்நூறு பேருக்கு மாற்றும்போது உப்பும் காரமும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. அதை அவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

7. 3 மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் சோதிக்க வேண்டும்

நம் தவறு நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தவறான வரிசையை 6 மாதம் பழகினால் அது கையில் ஊறிவிடும், பிறகு பிரிப்பது கற்பதைவிடக் கஷ்டம். ஆகவே 3 மாதத்துக்கு ஒருமுறை, தொடக்கத்தில் சொன்ன அந்த ஆளிடம் ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டு, முடிவில் மட்டும் தவறைச் சொல்ல வேண்டும். இதை முன்பே அவரிடம் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அன்பு மிகுதியில் பாதியிலேயே "அடுத்தது இதுதானே தம்பி" என்று எடுத்துக்கொடுத்துவிடுவார். எங்கள் திண்ணையில் நானே அந்தத் தவறைப் பல தடவை செய்திருக்கிறேன், இப்போது பொறுத்துக்கொள்கிறேன்.

ஜூனியரிடம் சோதனை கொடுக்கத் தயங்காதீர்கள். இன்றைக்கு வொர்க்‌ஷாப்பில் நிற்பவர் அவர்தான். மூன்றாம் பிரிவில் எழுதியவை, அதாவது என்னென்ன மாறியிருக்கிறது என்பது, அவரிடமிருந்துதான் கிடைக்கும்.

8. செய்ததைக் காகிதத்தில் ஏற்றுங்கள்

நோட்டில் தேதி, வேலை, நேரம், தவறு, யார் பார்த்தது என்று ஐந்து கட்டம் போதும். இது உங்களுக்காக. அதிகாரப்பூர்வமாக ஏற வேண்டியவை வேறு. ட்ரேடில் ரெஃப்ரெஷர் அல்லது யூனிட் கேடர் (யூனிட்டுக்குள் நடக்கும் பயிற்சி வகுப்பு) அறிவிப்பு வந்தால் பெயர் கொடுங்கள். முடித்த கோர்ஸ் பார்ட்-டூ ஆர்டரில் (பணிப் பதிவுக்கான யூனிட் உத்தரவு) வந்ததா என்று கிளார்க்கிடம் கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த மாதமே எழுதிக் கொடுங்கள். இரண்டு போஸ்டிங் கழித்துத் தேடினால் கிடைப்பது கடினம்.

பணிக்காலம் முடியப் போகிறவர்களுக்கு பாதுகாப்புத் துறையின் மறுவாழ்வு இயக்குநரகமான டி.ஜி.ஆர். நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகள் இருக்கின்றன. சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். வெளியே வேலை கேட்டுப் போகும்போது "15 வருடம் மெக்கானிக்" என்று புத்தகத்தில் இருக்கும்; கடைசி 4 வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்ட அந்த நோட்டு உதவும்.

9. திரும்பும் முன் 3 மாதமும், திரும்பிய முதல் மாதமும்

போஸ்டிங் ஆர்டர் கையில் வந்ததும் வாரம் இரண்டு தடவை என்பதை நான்காக ஏற்றுங்கள். புதிதாக எதையும் தொடாமல், முதல் பிரிவில் உள்ள வேலைகளை மட்டும் சுற்றிச் சுற்றி எடுங்கள். போகிற யூனிட்டில் எந்த உபகரணம் வந்திருக்கிறது என்று போனில் கேட்க வேண்டாம். போய்ச் சேர்ந்த பின் முதல் நாளே டெக்னிக்கல் லைப்ரரியில் உட்கார்ந்து, நீங்கள் இல்லாத காலத்தில் வந்த திருத்தங்களைப் படியுங்கள்.

சேர்ந்த அன்றே பொறுப்பாளரிடம் "சாப், நான் 3 வருடம் இந்த வேலையில் இல்லை. முதல் இரண்டு வேலை இன்னொருவருக்குத் துணையாகச் செய்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், அந்த வண்டி ஏதோ ஒரு மலைப்பாதையில் கேஸ்கெட் போய் நின்றிருக்கும், உள்ளே ஆட்களோடு.

முதல் மாதம் முடியும்போது முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் மறுபடி செய்த தேதியைப் போடுங்கள். தேதி விழாத வரிகளை உங்கள் ஜே.சி.ஓ.விடம் காட்டி, அந்த வேலை அடுத்து எப்போது வருகிறதோ அப்போது உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.